குழாயடியில் மூன்று ரொட்டித் துண்டுகள்

ஸூஸ் நகரத்துக் கோட்டைக்குள், துறைமுகத்தை நோக்கி இறங்கும் சரிவில், லமீனைப் போல மோசமாக ரொட்டிப் பலகை சுமந்தவன் யாரும் இல்லை. தலையில் பலகை ஏறியதும் கழுத்து இடப்பக்கம் சாயும். எதிரே கழுதை வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வான். இதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாதது வேறு: ரொட்டியை வீடு மாற்றிக் கொடுத்தான்.

மாவை ஊர் அடுப்புக்கு அனுப்பும்போது ஒவ்வொரு வீடும் தன் மர முத்திரையை அதில் அழுத்தி அனுப்பும். ஒரு வீட்டுக்கு மீன், ஒரு வீட்டுக்குப் பிறை, ஒரு வீட்டுக்கு ஐந்து புள்ளி. வெந்த பிறகும் அடையாளம் தெரியும். கண் உள்ளவனுக்குக் குழப்பம் வராது. லமீனுக்குக் கண் இருந்தது, அதன் மேல் கண்ணாடியும் இருந்தது.

“ஏம்ப்பா, அந்தக் கண்ணாடி பார்க்கவா, அழகுக்கா?” என்பார் லல்லா ஹலூமா, வாசலில் இடுப்பில் கை வைத்து. “என் கோதுமை ரொட்டி போயி எவ வீட்டு பார்லி ரொட்டியோ வந்திருக்கு. இப்ப எவ என் ரொட்டியத் தின்னுட்டு எனக்கு துவா பண்றாளோ!”

“மன்னிச்சுக்குங்க லல்லா.”

“உன் மன்னிப்ப எதுல தொட்டுக்கறது?”

அடுப்புக்காரர் மன்வரின் மகள் வஸீலா இதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். அவளுக்கு வயது இருபத்து மூன்று. அடுப்புக் கூடத்துக்கு இரண்டு வாசல். பெண்கள் மாவுப் பலகை கொண்டுவரும் வாசல் அவளுடையது. லமீன் ஏன் வீடுகளை மாற்றினான் என்பது அந்தச் சந்தில் அவளுக்கு மட்டும் தெரியும். அவன் தலைக்குமேல் இருந்தது ரொட்டி. தலைக்குள் இருந்தது கப்பல்.

லமீன் மஹ்தியா தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவன். ஜெர்மன்காரர்கள் துனீசியாவில் இறங்கியதும் எல்லை தாண்டி அல்ஜியர்ஸுக்குப் போனான். அங்கே ஆங்கிலேயர்கள் ஆறு வாரம் பயிற்சி கொடுத்து, ஒரு ஒயர்லெஸ் பெட்டியையும் கொடுத்து, 1943 ஜனவரியில் மீன்பிடிப் படகில் திருப்பி அனுப்பினார்கள். அதே சந்தில், அடுப்புக்கு முப்பது அடி தள்ளி, ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்தான். ரொட்டி சுமப்பவன் எந்த வீட்டு வாசலிலும் நிற்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். வேலையை அதனால்தான் தேர்ந்தெடுத்தான். அது எவ்வளவு கடினம் என்று முன்கூட்டி விசாரிக்கவில்லை.

வஸீலாவைச் சேர்த்தது அவன் இல்லை. அவளுடைய மாமன் மகன் பெஷீர். ரயில் பாதையைப் பராமரிக்கும் வேலை அவனுக்கு. பகலில் தண்டவாள ஆணியை முடுக்குவான், வேண்டியபோது கழற்றுவான். அவனோடு சேர்த்து ஆறு பேர், மஸாக்கினுக்குப் பின்னால் ஆலிவ் தோப்புகளில் இருந்தார்கள். ஜெர்மன் தொலைபேசிக் கம்பிகளை அறுப்பது, லாரிப் பாதையில் ஆணிப் பலகை புதைப்பது, அல்ஜியர்ஸிலிருந்து விமானத்தில் வந்து விழும் வெடிமருந்தைப் பொறுக்கி ஒளிப்பது, இவை அவர்கள் வேலை.

பெஷீர் வந்து சொன்னான்: “துறைமுகத்துல மூட்டை தூக்கறவன் பொண்டாட்டி அத்தனை பேரும் உன் வாசலுக்குத்தான் வர்றாங்க. எந்தக் கப்பல் எங்க நிக்குதுன்னு அவங்களுக்குத் தெரியும். நீ கேட்டுச் சொல்லணும்.”

“சொன்னா என்ன ஆகும்?”

“இங்கிலீஷ் விமானக்காரனுக்குக் கப்பல் எங்கன்னு தெரிஞ்சா குண்ட கப்பல் மேல போடுவான். தெரியலன்னா நம்ம மேல போடுவான்.”

டிசம்பரிலேயே கோட்டைக்குள் மூன்று தெருக்கள் குண்டுவீச்சில் போயிருந்தன. பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போய்விட்டது. மன்வர் போகவில்லை. “மிச்சம் இருக்கிறவனுக்கு யாரு ரொட்டி சுடுறது?” என்றார். வஸீலாவும் இருந்தாள். பெஷீரிடம் சரி என்றாள். அப்பாவிடம்கூடச் சொல்லக் கூடாது என்று குர்ஆன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

அவள் கண்டுபிடித்த வழி எளிமையானது. நான்கு பெண்கள், நான்கு பேருடைய கணவன்மாரும் துறைமுகக் கூலிகள். மாவின் ஓரத்தில் கட்டைவிரலால் ஒரு குழி அழுத்தினால் துறையில் ஒரு கப்பல். பக்கத்தில் நகத்தால் ஒரு கோடு கீறினால், அதில் டாங்கியோ பீரங்கியோ இருக்கிறது. வஸீலா பலகையை வாங்குவாள், படிப்பாள், குழியைத் தடவிச் சமமாக்குவாள், அடுப்புக்குள் தள்ளுவாள். எழுத்து கிடையாது. பேச்சு கிடையாது. ஆதாரத்தை அப்பாவே சுட்டு எடுத்துவிடுவார்.

எண்ணிக்கை லமீனுக்குப் போவது திட்டு வழியாக.

“மீன் முத்திரைக்கு நாலு, ஞாபகம் இருக்கா? நேத்து மாதிரி மூணக் கொடுத்துட்டு வராத!”

நான்கு கப்பல். நேற்று மூன்று. லமீன் தலையாட்டிவிட்டுப் போவான். நண்பகல் பாங்கு சொன்னதும் அறைக்குப் போய் ஏழு நிமிடம் அனுப்புவான். எட்டாவது நிமிடம் கிடையாது. ஒயர்லெஸ்ஸைத் தேடி அலையும் ஜெர்மன் அலைவாங்கி வண்டி திசையைப் பிடிக்க அதற்குமேல் நேரம் கொடுக்கக் கூடாது என்பது பயிற்சி. அனுப்பி முடித்ததும் பெட்டியைச் சாக்கில் போட்டு அடுப்புக் கூடத்துக்குக் கொண்டுவந்து, ஆலிவ் விறகுக் குவியலுக்கு அடியில் தள்ளுவான். மின்கலம் கனம் என்பதால் அது மட்டும் அறையிலேயே கிடக்கும்.

சில நாள் குண்டு கப்பல் மேல் விழுந்தது. சில நாள் விழவில்லை. விழாத நாட்களைப் பற்றி வஸீலா கடைசிவரை அதிகம் பேசியதில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் பலகை அடுக்கும்போது லமீன் சொன்னான்: “ஆபத்துன்னா எனக்குத் தெரிய ஒரு அடையாளம் வேணும். சந்து முனையில குழாயடி இருக்கில்ல, அந்தக் கல் தரையில ஒரு ரொட்டித் துண்டு வச்சிரு. நான் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதத் தாண்டித்தான் வரணும்.”

“தரையிலயா? ரொட்டியவா?”

“அதனாலதான் சொல்றேன். துணி கிடந்தா காத்துல விழுந்ததுன்னு நினைக்கலாம். பழத்தோல் கிடந்தா எவனோ தின்னுட்டுப் போட்டான். ரொட்டிய இந்த ஊர்ல எவன் தரையில போடுவான்? கிடந்தா அது நீ வச்சதுதான். வேற அர்த்தமே கிடையாது.”

“பாவம் பிடிக்கும்.”

“எனக்குப் பிடிக்கட்டும். வைப்பியா?”

வஸீலா யோசித்துப் பார்த்தாள். அவன் சொன்னதில் ஓட்டை தெரியவில்லை. சரி என்றாள். இருவரும் புத்திசாலிகள். மீதிப் பாதி இருவருக்குமே தோன்றவில்லை.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று நாட்களாகவே கூரையில் வளையம் வைத்த அலைவாங்கி வண்டி ஒன்று கோட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தது. காலை பத்து மணிக்கு ஒரு ஜெர்மன் அதிகாரி, ஒரு சிப்பாய், ஒரு உள்ளூர்க் காவலர், மூன்று பேரும் சந்துக்குள் வந்து நேராக லமீனின் மாடிக்கு ஏறினார்கள். மின்கலம் கிடைத்தது. பெட்டி கிடைக்கவில்லை. ஆளும் இல்லை, அவன் மேல் தெருவுக்குப் பலகை கொண்டுபோயிருந்தான், அப்படியே எண்ணெய் ஆட்டும் செக்கடியில் பெஷீரின் ஆளைப் பார்த்துவிட்டுப் பதினொன்றரைக்குத் திரும்புவான்.

அதிகாரிக்கு லமீன் என்ற பெயர் தெரியும், முகம் தெரியாது. அவரும் சிப்பாயும் மாடியில் உட்கார்ந்துகொண்டார்கள். காவலரைக் கீழே வாசலில் நிறுத்தினார்கள். அவர் பெயர் ஜிலானி. காபிஸிலிருந்து அந்த மாதம்தான் மாற்றலாகி வந்தவர். சந்தில் யாரையும் தெரியாது, தேடும் ஆளின் பெயரைக்கூட அவரிடம் யாரும் சொல்லவில்லை.

“உள்ள வர்றவங்க வரலாம்,” என்று அவர் சத்தமாக அறிவித்தார். “வெளிய யாரும் போகக் கூடாது. தண்ணிக்குக் குழாயடி வரைக்கும் போலாம். பிடிச்சமா, திரும்பினமான்னு இருக்கணும். அங்க நின்னு கதை பேசக் கூடாது.”

வஸீலா நிலைமையை எண்ணிப் பார்த்தாள். லமீனுக்கு மட்டும்தான் தோப்பில் இருக்கும் ஆறு பேரின் பெயரும் இடமும் தெரியும். நான்கு துறைமுகப் பெண்களைத் தெரியும். அவளைத் தெரியும். அவன் அந்த வாசலைத் தொட்டால் பதினொரு பேர் போச்சு, அவனோடு பன்னிரண்டு. செய்ய முடிந்தது ஒன்றுதான், அதற்குத்தான் ஏற்பாடு இருக்கிறதே. குடத்தை எடுத்தாள். முந்தைய நாள் ரொட்டியில் ஒரு துண்டைக் கிள்ளி உள்ளங்கையில் மறைத்துக்கொண்டாள். தண்ணீர் பிடித்தாள். மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு துண்டைக் கல் தரையில் வைத்தாள். திரும்பி வந்து தன் வாசலில் நின்றாள். அங்கிருந்து குழாயடி நாற்பது அடி. நன்றாகத் தெரிந்தது.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் வந்தார். எண்பது வயது, கைத்தடி. குழாயடியில் நின்றார். “அஸ்தக்ஃபிருல்லாஹ்” என்று மன்னிப்புக் கேட்டார். தடியைக் கக்கத்தில் இடுக்கி, முழங்காலைப் பிடித்துக் குனிந்து, துண்டை எடுத்தார். ஊதினார், முத்தமிட்டார், நெற்றியில் ஒற்றினார், எட்டும் உயரத்தில் இருந்த சுவர்ப் பொந்தில் வைத்தார், போய்விட்டார்.

வஸீலாவுக்கு அப்போதுதான் மீதிப் பாதி புரிந்தது. யாரும் ரொட்டியைத் தரையில் போடமாட்டார்கள். யாரும் கிடக்கவும் விடமாட்டார்கள்.

இரண்டாவது குடத்தை எடுத்தாள். இரண்டாவது துண்டை வைத்தாள். திரும்பினாள். ஜிலானிக்குத் தாகம் எடுத்தது. குழாயடிக்குப் போனார், துண்டைப் பார்த்தார், துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தார். இரண்டு கையாலும் எடுத்து முத்தமிட்டு நெற்றியில் வைத்து, வைக்க இடம் தேடி, கடைசியில் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தண்ணீர் குடித்தார். பத்தடி வந்தபிறகு துப்பாக்கி நினைவு வந்து திரும்பிப் போய் எடுத்தார்.

மூன்றாவது குடம். மன்வர் அடுப்பு வாயிலிருந்து திரும்பினார்.

“எதுக்கும்மா இவ்வளவு தண்ணி?”

“மாவுக்கு, பாபா.”

“மாவு பிசையறியா, குளம் வெட்டறியா?”

மூன்றாவது துண்டு நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் நின்றது. யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. பதினொன்றரைக்கு லமீன் வந்தான், வெறும் பலகைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. குழாயடியில் துண்டைப் பார்த்தான். நின்றான். அவன் பார்த்ததை அவள் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள்.

லமீன் குனிந்தான்.

எடுத்தான். முத்தமிட்டான். நெற்றியில் ஒற்றினான். சுவர்ப் பொந்தில், மோதினார் வைத்த துண்டுக்குப் பக்கத்தில், கவனமாக வைத்தான். சந்துக்குள் திரும்பினான்.

இருபத்தாறு வருடப் பழக்கத்துக்கு முன்னால் ஆறு வாரப் பயிற்சி என்ன செய்யும்?

குழாயடிக்கும் அந்த வாசலுக்கும் இடையே எழுபது அடி, நடுவில் அடுப்பு. வஸீலா அடுப்பில் ரொட்டி தள்ளும் நீளத் துடுப்பை அப்பாவின் கையிலிருந்து பிடுங்கினாள். வெளியே பாய்ந்தாள்.

“ஹமூதா! அடேய் ஹமூதா! வெட்கங்கெட்டவனே!”

லமீன் பின்னால் திரும்பிப் பார்த்தான், யார் அந்த ஹமூதா என்று.

“உன்னத்தான்டா! கட்டிக்கிறேன் கட்டிக்கிறேன்னு மூணு மாசமா என் வாசல்லயே நின்னியே, கைரவான்ல உனக்குப் பொண்டாட்டி இருக்காமே! ரெண்டு புள்ளைங்களாமே!”

சந்தின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. லல்லா ஹலூமா முதலில் வந்தார். “என்னது, ஹமூதாவா? இது நம்ம ரொட்டி தூக்குற...” வஸீலா அவர் காலை மிதித்தாள், நன்றாகவே. ஹலூமா ஒரு கணம் அவள் கண்ணைப் பார்த்தார். மாடி ஜன்னலைப் பார்த்தார். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, அந்தச் சந்து அதுவரை கேட்டிராத குரலில் ஆரம்பித்தார்:

“ஆமாண்டி, ஹமூதாதான்! அந்தத் திருட்டு ஹமூதா! என் கோதுமை ரொட்டியத் தின்னவனும் இவன்தான்! விடாத, போடு!”

வஸீலா போட்டாள். துடுப்பு லமீனின் தோளில் இறங்கியது. பலகைகள் சிதறின. யாரோ ஒரு பெண் செருப்பை எறிந்தாள், இன்னொருத்தி ஈர விளக்குமாற்றை. வாசலில் இருந்த ஜிலானி ஓடிவந்தார். மாடி ஜன்னல் திறந்து ஜெர்மன் அதிகாரி ஏதோ கேட்டார். ஜிலானி நிமிர்ந்து பார்த்து, மோதிர விரலைத் தொட்டுக் காட்டினார், பிறகு இரண்டு விரல் காட்டினார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதிகாரி ஜன்னலைச் சாத்தினார்.

“உள்ள எங்கடா ஓடி வர்ற? உனக்கு இங்க எவ இருக்கா? போ! இந்தச் சந்துல கால வச்ச, கால் இருக்காது!”

அப்போதுதான் லமீனுக்கு விளங்கியது. அவன் மாடியைப் பார்க்கவில்லை. தலையைக் கையால் மூடிக்கொண்டு, வந்த வழியே ஓடினான். பெண்கள் குழாயடி வரை துரத்தினார்கள். பெண்களின் தலைகளுக்கு மேலாக ஜிலானி பார்த்தது அவன் முதுகை மட்டும்.

பிற்பகல் அஸர் தொழுகை வரை அவர்கள் மாடியில் காத்திருந்தார்கள். லமீன் என்ற பெயருள்ள யாரும் வரவில்லை. மின்கலத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் பெஷீர் விறகு வாங்க வந்தவனாகக் கழுதையோடு வந்து, விறகோடு ஒயர்லெஸ் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனான். அதன்பிறகு லமீன் தோப்பிலிருந்து அனுப்பினான். கப்பல் எண்ணிக்கை பெஷீர் வீட்டுக்கு அனுப்பும் ரொட்டியில் போனது, சுட்ட பிறகும் தெரியும்படி ஆழமாகக் குத்தி. ஆறு பேரும் பிழைத்தார்கள். நான்கு பெண்களிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் ஊர் கேட்டது. ரொட்டி தூக்குகிறவனை நம்பி ஏமாந்த பெண் என்று வஸீலாவின் பெயர் கோட்டைக்குள் ஒருநாளில் சுற்றி வந்தது. ஹலூமா முடிந்தமட்டும் கதையை மாற்றிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. துணிக்கடைக்காரர் வீட்டில் அவளைப் பெண் கேட்டு வைத்திருந்தார்கள். அவர்கள் சொல்லி அனுப்பினார்கள், இப்போது காலம் சரியில்லை, பிறகு பார்க்கலாம் என்று. அது அவளுக்கு வலிக்கவில்லை. மன்வர் அவளோடு பேசுவதை நிறுத்தினார், அது வலித்தது. பலகை நீட்டினால் வாங்குவார். தண்ணீர் வைத்தால் குடிப்பார். பேச்சு மட்டும் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். சத்தியம் நாக்கைக் கட்டியிருந்தது. ஐந்து வாரம் அப்படிப் போனது.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி ஜெர்மன்காரர்கள் வடக்கே போய்விட்டார்கள். பதினாலாம் தேதி காலை, முகம் மழித்து, சட்டை தோய்த்துப் போட்டு, கழுத்து நேராக, லமீன் அடுப்பு வாசலில் வந்து நின்றான். பெஷீரும் கூட வந்தான்.

“ஸி மன்வர், நான் பொண்ணு கேட்டு வந்திருக்கேன்.”

மன்வர் துடுப்பைக் கீழே வைக்கவில்லை. “எந்தப் பேர்ல கேக்கற? லமீனா, ஹமூதாவா?”

“லமீன்.”

“கைரவான் பொண்டாட்டி?”

“அவ உங்க மக கட்டிவச்ச பொண்டாட்டி. நான் கைரவானுக்குப் போனதே இல்ல.”

மன்வர் ஐந்து வாரத்துக்குப் பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தார். வஸீலா பெஷீரைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். சத்தியம் முடிந்தது. அவள் சொல்ல ஆரம்பித்தாள்: மாவில் குழி, திட்டில் எண்ணிக்கை, விறகுக்கு அடியில் பெட்டி, மாடியில் அதிகாரி, தோப்பில் ஆறு பேர். மன்வர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் துடுப்பைக் கீழே வைத்தார்.

“ரொட்டியத் தரையில வச்சியா?”

“ஆமா, பாபா.”

“ஒரு தடவை சரி. அவசரம். மூணு தடவையா?”

“மூணாவது நிக்கும்னு நினைச்சேன்.”

“நீ அடுப்புக்காரன் பொண்ணு. மூணு தலைமுறையா இந்த வீட்டுல ஒரு துணுக்கு கீழ விழுந்ததில்ல. உனக்கு வேற எதுவும் கிடைக்கலியா? ஒரு வெங்காயம்? ஒரு விறகுக் குச்சி?” லமீன் பக்கம் திரும்பினார். “நீ படிச்சவனாமே. ரொட்டிதான் தோணுச்சா உனக்கு? அதையும் நீயே எடுத்து வச்சுட்டு வர்ற!”

தன் விறகுக் குவியலுக்கு அடியில் இரண்டு மாதம் மரண தண்டனைக்கான பொருள் இருந்தது அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. அன்று முழுதும் ரொட்டியைப் பற்றியே திட்டிக்கொண்டிருந்தார். வஸீலாவுக்கு அது போதும். திட்டுகிறார் அல்லவா, பேசுகிறார் என்று அர்த்தம்.

பெண் கேட்டதற்குத்தான் பதில் நின்றது. அதை வஸீலா தானே சொன்னாள், பலகை அடுக்கிக்கொண்டே.

“என் பேரக் காப்பாத்த வந்தியா?”

லமீன் பெஷீரைப் பார்த்தான்.

“அப்படின்னா வேண்டாம். பேரு போனது எனக்கு. போட்டதும் நான்தான். அதுக்காக நீ மாப்பிள்ளை ஆக வேண்டாம். போயிட்டு வா.”

அவன் போனான். இரண்டு நாள் கழித்து, பெஷீர் இல்லாமல், பெண்கள் வாசலுக்கு வந்தான்.

“அந்தத் துடுப்படி வலிச்சுது.”

“வலிக்கத்தான் அடிச்சேன்.”

“தோப்புல அஞ்சு வாரம் அதையேதான் நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன்.”

“அடியையா?”

“அடிச்ச ஆள.”

வஸீலா பலகையைக் கீழே வைத்தாள். “தலைக்குத்தான் ஓங்கினேன். குறி தப்பித் தோள்ல விழுந்துடுச்சு.”

“தெரியும். காத்து காதுல வீசுச்சு.”

அவள் சிரித்துவிட்டாள். “ஒரு நிபந்தனை. இனிமே நீ ரொட்டிப் பலகையத் தொடக் கூடாது.”

அந்த நிபந்தனையை லமீன் ஐம்பத்தோரு வருடம் காப்பாற்றினார்.

இலையுதிர் காலத்தில் திருமணம் நடந்தது. லமீன் ஸூஸ் தொலைபேசி நிலையத்தில் சேர்ந்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றார். வஸீலா அப்பாவுக்குப் பிறகும் அடுப்பை நடத்தினார். அல்ஜியர்ஸில் இருந்த ஒரு பட்டியலில் அவருக்கு ஓர் எண் இருந்தது என்று போர் முடிந்தபிறகு ஓர் ஆங்கிலக் கடிதம் வந்து சொன்னது. முகவர், என்று போட்டிருந்தது. “முப்பத்தேழாம் நம்பரா நான்?” என்றார். “முன்னாடி இருந்த முப்பத்தாறு பேரும் ரொட்டிதான் சுட்டாங்களா?”

மகள் ராதியா மின்பொறியாளர் ஆனாள். படிப்பு முடித்து வந்த வருடம், அந்தக் குழாயடிக் கதையில் என்ன தவறு என்று அம்மாவுக்கு விளக்கினாள். ஓர் அடையாளம் தெளிவாக இருந்தால் மட்டும் போதாது, பார்க்க வேண்டியவன் பார்க்கும்வரை அது நிற்கவும் வேண்டும். அப்பா முதல் பாதியை மட்டும் யோசித்தார்.

“இதுக்கு நாலு வருஷம் படிச்சியா?” என்றார் வஸீலா. “எனக்கு மோதினார் அரை நிமிஷத்துல காட்டிட்டார்.”

ஜிலானி ஸூஸிலேயே தங்கிவிட்டார். சுதந்திரம் வந்தபிறகு வேலையை விட்டு இரும்புச் சாமான் கடை வைத்தார். கடைக்குத் தொலைபேசி கேட்டு அலைந்தபோது லமீனுக்குப் பழக்கமானார். ஒரு வெள்ளிக்கிழமை லமீன் அவரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்தார். வஸீலா குஸ்குஸ் தட்டோடு வெளியே வந்ததும் ஜிலானி எழுந்து நின்றுவிட்டார்.

“நீங்கதானே... அந்தத் துடுப்பு...”

“நான்தான்,” என்றார் வஸீலா.

சாப்பாடு முடிந்ததும் ஜிலானி லமீனைத் தனியாக அழைத்துப் போய்த் தோளில் கை வைத்தார். “அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு முன்னாடி ஒரு அயோக்கியன் உங்க வீட்டம்மாவ ஏமாத்தினான். நான் கண்ணால பார்த்தேன். நீங்க பெரிய மனசு பண்ணிக் கட்டிக்கிட்டீங்க. அல்லாஹ் உங்களுக்கு நல்ல கூலி கொடுப்பான்.”

“ஆள் எப்படி இருந்தான்?” என்று கேட்டார் லமீன், முகம் மாறாமல்.

“முதுகுதான் பார்த்தேன். நல்ல ஓட்டக்காரன்.”

உள்ளே பாத்திரம் விழும் சத்தம் கேட்டது.

அதன்பின் முப்பது வருடம் ஜிலானி வீட்டுக்கு வந்து போனார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஏன் என்று ராதியா ஒருமுறை கேட்டாள்.

“அவரு கண்ணு முன்னாடியே உங்கப்பா தப்பிச்சாருன்னு தெரிஞ்சா அவருக்குக் கஷ்டமா இருக்கும்ல,” என்றார் வஸீலா. “அந்த உத்தியோகத்துல அவரு எவ்வளவு பயந்துட்டு இருந்தாருன்னு நான் பார்த்தேன். அவருக்கும் ஒரு நல்ல கதை இருக்கட்டும்.”

லமீன் 1994இல் இறந்தார். வஸீலா இந்த ஜனவரி ஒன்பதாம் தேதி காலை பதினொன்றேகாலுக்கு இறந்தார். எண்பத்தாறு வயது. முந்தின நாள் நன்றாகச் சாப்பிட்டார். ஆலிவ் உப்பாக இருக்கிறது என்று குறை சொன்னார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ராதியா வீட்டுக்குப் போய்க் குளிர்பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினாள். பிடுங்கியபிறகுதான் அது அவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. மறுபடியும் செருகினாள். 

துக்கம் கேட்க வந்தவர்களில் ஜிலானியின் மகனும் இருந்தார். நடுத்தர வயது, இரும்புக் கடையை இப்போது அவர்தான் பார்க்கிறார். கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அப்பா சாகற வரைக்கும் உங்க அம்மா கதையச் சொல்லுவாரு,” என்றார். “ஒரு பொண்ணு அநியாயத்துக்கு எதிரா நடுச் சந்துல நின்னா எப்படி இருக்கும்னு எங்க அக்கா தங்கச்சிக்கெல்லாம் சொல்லித்தான் வளர்த்தாரு. அந்த ஹமூதா அப்புறம் என்ன ஆனான், உங்களுக்குத் தெரியுமா?”

ராதியா அவரைப் பார்த்தாள். சொல்லிவிடலாம். சத்தியம் தீர்ந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. காயப்பட யாரும் உயிரோடு இல்லை.

“கேள்விப்பட்டேன்,” என்றாள். “எங்கயோ நல்லா இருந்தானாம். ரொம்ப நாள் இருந்தானாம்.”

“அப்படியா! அல்லாஹ் எல்லாருக்கும்தான் கொடுக்கிறான்,” என்று அவர் பெருமூச்சு விட்டார். காபியைக் குடித்து முடித்தார். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்து ஃபாத்திஹா ஓதிவிட்டுப் போனார்.